கறித்தூளும் கைத்தறியும் கடல் கடக்கும்போது: மட்டக்களப்பு, அம்பாறை உற்பத்தியாளருக்கான புலமைச் சொத்து வழிகாட்டி

"கொழும்பில பதிஞ்சாச்சு. இனிக் கனடாவிலயும் எங்கட பேர்தானே?"

மட்டக்களப்பில் சிறுதொழில் செய்கிறவர்கள் பலர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படியில்லை. களுவாஞ்சிகுடியில் ஒரு வளவுக்கு உறுதி முடித்தவருக்கு டொரொன்டோவில் காணி கிடைப்பதில்லை. வியாபாரப் பெயரும் டிசைனும் கண்டுபிடிப்பும் அதே மாதிரித்தான். ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் மட்டுமே உரிமை கொடுக்கும். உலகம் முழுவதற்கும் செல்லும் ஒற்றைப் பதிவை எந்த அலுவலகமும் விற்பதில்லை. விற்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் உங்கள் பணத்துக்காக அனுப்புகிறார்கள்.

அப்படியானால் நாடுகள் கூடிச் செய்துகொண்ட இத்தனை ஒப்பந்தங்களும் எதற்கு? அவை மூன்றைத் தருகின்றன. வெளிநாட்டு அலுவலகம் உங்களைத் தன் நாட்டவரைப் போலவே நடத்த வேண்டும். எந்த நாட்டிலும் உரிமை ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. மூன்றாவது, காலம்: கொழும்பில் முதல் விண்ணப்பம் போட்ட திகதியைக் குறிப்பிட்ட சில மாதங்களுக்குள் வெளிநாடுகளிலும் உங்கள் திகதியாக எடுத்துச் செல்லலாம். கையில் பெரிய முதல் இல்லாதவர்களுக்கு இந்த மூன்றாவதுதான் பெரிய உதவி. அதைப் பயன்படுத்தாமல் விடுகிறவர்களும் அவர்களே.

இலங்கை 1952 முதல் பாரிஸ் சமவாயத்திலும் (வியாபாரக் குறி, வடிவமைப்பு, ஆக்கவுரிமை பற்றியது), 1959 முதல் பேர்ன் சமவாயத்திலும் (பதிப்புரிமை பற்றியது), 1978 முதல் உலக புலமைச் சொத்து நிறுவனத்திலும் (வைப்போ என்பார்கள்), 1982 முதல் ஆக்கவுரிமை (பேட்டன்ட்) ஒத்துழைப்பு உடன்படிக்கையிலும் இருக்கிறது. 1995இல் உலக வர்த்தக அமைப்போடு, புலமைச் சொத்து உரிமைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கும் ட்ரிப்ஸ் ஒப்பந்தமும் வந்தது. நம் சரக்குப் போகிற கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, கட்டார், சவூதி, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாமே பாரிஸ் சமவாயத்திலும் ட்ரிப்ஸிலும் இருக்கின்றன. உள்நாட்டில் இவற்றுக்கு உருவம் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இனி வேலைக்குப் போவோம்.

படி 1: கையில் இருப்பது என்னவென்று பிரித்துப் பாருங்கள்

ஒரு கறித்தூள் பொதியை எடுத்து மேசையில் வையுங்கள். அதிலுள்ள பெயரும் இலச்சினையும் வியாபாரக் குறி, அதாவது ட்ரேட் மார்க். பொதியில் வரைந்திருக்கும் வாவிக் காட்சி பதிப்புரிமைக்குள் வரும். போத்தலின் வடிவம் புதியதென்றால் கைத்தொழில் வடிவமைப்பு. தூளை வறுக்கும் இயந்திரத்தில் இதுவரை எங்கும் இல்லாத ஒரு பொறிமுறை இருந்தால் ஆக்கவுரிமை. மல்லி எவ்வளவு, பெருஞ்சீரகம் எவ்வளவு, எத்தனை நிமிடம் வறுப்பது என்ற சேர்மானம் வர்த்தக இரகசியம்.

கடைசியில் சொன்னதை எங்கும் பதியாதீர்கள். பதிந்தால் அது வெளியே வந்துவிடும். இரகசியமாக வைத்திருக்க நியாயமான நடவடிக்கை எடுத்தவருக்கு ட்ரிப்ஸின் 39ஆம் உறுப்புரை பாதுகாப்புத் தருகிறது. நியாயமான நடவடிக்கை என்றால் அளவுக் கொப்பியைப் பூட்டி வைப்பது, வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவது, வறுப்பவரும் கலப்பவரும் வேறு ஆட்களாக இருப்பது போன்ற சாதாரண காரியங்கள்தான்.

மற்றவற்றுக்கு ஆயுள் வெவ்வேறு. வியாபாரக் குறி இலங்கையில் பத்து வருடம். பத்துப் பத்து வருடமாக எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். வடிவமைப்பு ஐந்து வருடம், இரண்டு முறை புதுப்பித்துப் பதினைந்து வரை. ஆக்கவுரிமை 20 வருடம். பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும். பெரும்பாலான சிறு உற்பத்தியாளருக்கு முதலில் வேண்டியது வியாபாரக் குறி. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் அதற்கே செலவழியுங்கள்.

படி 2: யாருடைய பெயரில்?

இதைத் தீர்மானிக்காமல் படிவத்தைத் தொடாதீர்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருப்பார்கள். அது நீங்கள் இன்ன பெயரில் வியாபாரம் செய்கிறீர்கள் என்ற பதிவு மட்டுமே. அந்தப் பெயரை வேறொருவர் தன் பொருளில் போடுவதைத் தடுக்கும் வியாபாரக் குறி உரிமையை அது தராது. கம்பனிப் பதிவும் தராது.

பெண்கள் குழுக்களில் சிக்கல் இன்னும் கூட. குழு கூட்டுறவுச் சங்கமாகவோ கம்பனியாகவோ பதியப்படாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அப்படி ஓர் ஆளே இல்லை. வசதிக்காகத் தலைவியின் பெயரில் விண்ணப்பிப்பார்கள். அந்த நிமிடமே குறி அவருடைய சொந்தச் சொத்தாகிவிடுகிறது. அவர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டாலோ குழுவுக்குள் மனஸ்தாபம் வந்தாலோ, இருபது பேர் வியர்வை சிந்தி வளர்த்த பெயர் ஒருவரோடு போய்விடும். முதலில் குழுவைப் பதியுங்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால், குறியைப் பின்னர் சங்கத்துக்கு மாற்றித் தருவேன் என்று தலைவியிடம் ஒரு சட்டத்தரணி முன் எழுதி வாங்குங்கள். இப்படிக் கேட்பது நம்பிக்கையில்லாத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

படி 3: பெயரைச் சோதியுங்கள்

"மட்டக்களப்புத் தயிர்", "சுத்தமான தேன்", "மருதமுனைச் சாரம்" போன்றவற்றைத் தனி ஒருவர் தன் குறியாக வைத்துக்கொள்ள முடியாது. பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் சொற்களும் வெறும் ஊர்ப் பெயரும் எல்லோருக்கும் பொது. உலகின் ஏறக்குறைய எல்லா அலுவலகங்களும் இதே காரணத்துக்காக மறுக்கும். பொருளோடு நேரடித் தொடர்பில்லாத, நினைவில் நிற்கும் பெயர்தான் பலமான பெயர். இந்த வழிகாட்டிக்காக "வாவிமகள்" என்று ஒரு கறித்தூளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

அதை வேறு யாராவது முன்பே எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைப்போ நடத்தும் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் இலவசம். பல நாட்டுப் பதிவுகளை ஒரே இடத்தில் தேடலாம். ஐரோப்பிய அலுவலகம் நடத்தும் டிஎம்வியூவும் இலவசம். இரண்டிலும் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். ஒலியில் ஒத்துப் போகும் பெயர்களும் மறுப்புக்குக் காரணமாகும். டொரொன்டோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளின் சரக்குப் பெயர்களையும், சென்னையிலிருந்து போகும் சரக்குப் பெயர்களையும் கண்ணால் பாருங்கள். பதியாமலே பாவனையால் உரிமை பெற்ற பெயர்கள் பிரித்தானியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் உண்டு. அவை எந்தத் தரவுத்தளத்திலும் அகப்படாது.

படி 4: கொழும்பில் முதல் விண்ணப்பம்

தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10, டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர கட்டடத்தில் இருக்கிறது. உதயதேவி ரயிலில் போகிறவர்கள் கோட்டையில் இறங்கினால் பக்கம். போவதற்கு முன் படிவத்தையும் அன்றைய கட்டணத்தையும் அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டணத்தை இங்கே எழுதி உங்களை வீண் பயணம் போகவைக்க எனக்கு விருப்பமில்லை. உள்நாட்டவர் தாமே விண்ணப்பிக்கலாம். பதிவுசெய்யப்பட்ட முகவர் ஊடாகவும் செய்யலாம்.

கவனிக்க வேண்டியது வகுப்பு. பொருட்களும் சேவைகளும் நைஸ் வகைப்பாட்டின்படி 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: 34 பொருட்களுக்கு, 11 சேவைகளுக்கு. கறித்தூள், அரிசி, தேன் 30இல் வரும். தயிர், கருவாடு, பதப்படுத்திய கஜு 29இல். துணி 24, சாரமும் சட்டையும் உடுப்பாக விற்றால் 25, பன்பாய் 27. இந்த இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றாகவே இருப்பதால் கொழும்பில் சரியாகப் போட்டது லண்டனிலும் அப்படியே பொருந்தும். வகுப்புக்கு வகுப்பு கட்டணம் ஏறும். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏழெட்டு வகுப்புக் கேட்பது பணத்துக்குக் கேடு. விற்காத பொருளுக்கான பதிவு பின்னால் பாவிக்காத குற்றத்துக்கு ரத்தாகவும் கூடும்.

குறியைத் தமிழ் எழுத்தில் போடுவதா ஆங்கில எழுத்தில் போடுவதா என்று கேட்பார்கள். வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் பொதியில் இரண்டும் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். அல்லது கையில் பணமிருந்தால் தனித்தனியே. தமிழ் எழுத்து இருந்தால் அதன் உச்சரிப்பையும் கருத்தையும் ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி வெளிநாட்டு அலுவலகங்கள் கேட்கும். ஒரு நாட்டில் ஒரு விதமாகவும் மறுநாட்டில் வேறு விதமாகவும் எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்து எல்லா இடத்துக்கும் அதையே கொடுங்கள்.

விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு வர்த்தமானியில் வரும். அதன்பின் மூன்று மாதம் யாரும் ஆட்சேபிக்கலாம். சான்றிதழ் கைக்கு வர வருடக் கணக்காகலாம். அதைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். கணக்கில் வருவது விண்ணப்பத் திகதி. பத்து வருடமும் அன்றிலிருந்துதான் ஓடுகிறது.

அன்றே இன்னொரு வேலையும் முடியுங்கள். விண்ணப்பத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றுக்குக் கேட்டு வையுங்கள். அடுத்த படி முழுவதும் அந்தத் தாளை நம்பியிருக்கிறது.

படி 5: ஆறு மாதக் கணக்கு

பாரிஸ் சமவாயத்தின் 4ஆம் உறுப்புரை தருவது முன்னுரிமைத் திகதி. வியாபாரக் குறிக்கும் வடிவமைப்புக்கும் ஆறு மாதம், ஆக்கவுரிமைக்குப் பன்னிரண்டு மாதம். உதாரணமாக வாவிமகளுக்கு 2026 ஜனவரி 15ஆம் திகதி கொழும்பில் விண்ணப்பித்தீர்கள். மார்ச் மாதம் டொரொன்டோவில் ஒருவர் அதே பெயரில் விண்ணப்பித்துவிட்டார். நீங்கள் ஜூலை 15க்குள் கனடாவில் விண்ணப்பித்து முன்னுரிமை கேட்டால், உங்கள் கனேடிய விண்ணப்பம் ஜனவரி 15ஆம் திகதிக்குரியதாகக் கணக்கிடப்படும். மார்ச் மாதத்தவர் உங்களுக்குப் பின்னால்தான். கடைசி நாள் அந்த நாட்டில் விடுமுறையானால் அடுத்த வேலைநாள் வரை இடமுண்டு. முன்னுரிமையை நிரூபிக்கும் பிரதியைக் கொடுக்க விண்ணப்பித்த நாளிலிருந்து மூன்று மாதம் தருவார்கள்.

ஆறு மாதம் தவறிவிட்டால்? வியாபாரக் குறியில் எல்லாம் முடிந்துவிட்டதென்று அர்த்தமில்லை. எந்த வருடத்திலும் எந்த நாட்டிலும் விண்ணப்பிக்கலாம். அன்றைய திகதிதான் கிடைக்கும், இடையில் யாரும் புகாதிருந்தால் நட்டமில்லை. ஆக்கவுரிமையில் கதை வேறு. அங்கே தவணை தவறினால் உங்களுடைய சொந்த வெளியீடே புதுமையைக் கொன்றுவிடக் கூடும். டிசைனும் ஏறத்தாழ அப்படியே: புதுத் தறி டிசைனைப் பேஸ்புக்கில் போட்டு விருப்பக்குறி எண்ணிக்கொண்டிருக்கும் முன்பு விண்ணப்பத்தைப் போடுங்கள்.

மெட்ரிட் முறை பற்றி இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள்: ஒரே விண்ணப்பம், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள். கனடா 2019இலும் அமீரகம் 2021இலும் அதில் சேர்ந்தன. இலங்கை சேரும் பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது, ஆனால் இன்னும் சேரவில்லை. ஆகவே இங்கிருந்து அந்த வாசல் திறக்காது; நாடு நாடாகத்தான் போக வேண்டும். "கனடாவில் இருக்கிற என்ர பேரில மெட்ரிட் போடலாம்" என்று உறவினர் சொல்வார். போடலாம். ஆனால் குறி அவருடையதாகிவிடும். அதைப் பற்றிப் படி 7இல்.

படி 6: நாட்டைத் தெரிவு செய்தல்

எல்லா நாடும் வேண்டாம். பொருள் உண்மையில் போகும் நாடு, பொதி அச்சடிக்கும் அல்லது அடைக்கும் நாடு, போலி செய்யப்படக்கூடிய நாடு: இம்மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஆரம்பத்தில் இரண்டு நாடு போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஐரோப்பிய ஒன்றியக் குறி ஒரு விண்ணப்பத்தில் 27 நாடுகளுக்கும் செல்லும். இணையவழியில் ஒரு வகுப்புக்கு 850 யூரோ. ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்துத் தமிழ்க் கடைகளுக்கு அது போதும். சுவிஸ் அதில் இல்லை. 2021க்குப் பிறகு பிரித்தானியாவும் இல்லை. நோர்வேயும் இல்லை. நம்முடைய ஆட்கள் நெருக்கமாக வாழும் மூன்று நாடுகள் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. வளைகுடாவில் சட்டம் ஒன்றுபட்டதாக இருந்தாலும் பதிவு நாட்டுக்கு நாடு தனித்தனி. அமெரிக்காவில் வெளிநாட்டு விண்ணப்பதாரர் அந்நாட்டுச் சட்டத்தரணியை வைத்தே ஆகவேண்டும் (2019 ஓகஸ்டிலிருந்து). ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரதிநிதி தேவை. கட்டணத்தைவிட அந்தக் கூலிதான் கூட வரும். முன்கூட்டியே மொத்த விலை கேளுங்கள்.

பாவிக்காமல் பதிந்து வைத்திருப்பதும் சரிவராது. தொடர்ந்து பாவிக்காவிட்டால் கனடாவில் மூன்று வருடத்திலும், ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் ஐந்து வருடத்திலும் பதிவை நீக்கக் கேட்கலாம். சரக்கு ஏற்றிய பட்டியல், விலைச்சீட்டு, கடைத் தட்டில் பொதி இருக்கும் படம் ஆகியவற்றைத் திகதியோடு ஒரு கோப்பில் சேருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வட்டத்துக்குள் ஆங்கில ஆர் எழுத்துப் போட்ட அடையாளம் "பதியப்பட்டது" என்பதைச் சொல்கிறது. இலங்கையில் பதிந்துவிட்டோம் என்று அதை அச்சடித்து அப்படியே லண்டனுக்கு அனுப்பாதீர்கள். அங்கே பதியாத குறியைப் பதிந்ததுபோலக் காட்டுவது பிரித்தானியச் சட்டத்தில் குற்றமாகலாம். டிஎம் என்ற எழுத்துகளுக்கு அந்தப் பிரச்சினையில்லை.

படி 7: மச்சானோடு எழுத்தில் பேசுங்கள்

கிழக்கிலிருந்து சரக்கு வெளிநாடு போவது பெரும்பாலும் சொந்தக்காரர் ஊடாக. மச்சான் டொரொன்டோவில் கடை வைத்திருப்பார், மருமகன் ஸூரிச்சில். முதலில் பத்துக் கிலோ, பிறகு ஒரு பெட்டி, பிறகு கொள்கலனில் ஒரு மூலை. வியாபாரம் சூடு பிடிக்கும்போது அவர் நல்ல மனதோடுதான் சொல்வார்: "நீங்க அலைய வேணாம், நான் இங்க பதியிறன்." பதிகிறார். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடுகிறார். ஐந்து வருடம் கழித்து விலையில் தகராறு வந்தால், உங்கள் வாவிமகள் கனடாவுக்குள் நுழைய அவருடைய அனுமதி வேண்டும்.

பாரிஸ் சமவாயத்தின் 6septies (ஆறு-செப்டீஸ்) என்ற உறுப்புரை இதற்காகவே இருக்கிறது. உரிமையாளரின் முகவரோ பிரதிநிதியோ அவருடைய அனுமதியின்றித் தன் பெயரில் பதிந்தால், உரிமையாளர் அதை எதிர்க்கலாம், நீக்கச் சொல்லலாம், சட்டம் இடந்தரும் நாடுகளில் தன் பெயருக்கு மாற்றவும் கேட்கலாம். முகவர் தன் செயலுக்கு நியாயம் காட்டினால் ஒழிய. ஆனால் கூர்ந்து பாருங்கள்: அவர் உங்கள் முகவர் என்பதையும் நீங்கள் அனுமதிக்கவில்லை என்பதையும் காட்ட வேண்டியவர் நீங்கள். வாட்ஸ்அப்பில் "சரி மச்சான், பாருங்க" என்று நீங்கள் அனுப்பிய குரல்பதிவு அவர் பக்கத்துச் சாட்சியாகிவிடும்.

ஆகவே முதல் பெட்டி ஏறும் முன் இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம். குறியின் உரிமையாளர் யார். விநியோகிப்பவர் எந்த நாட்டிலும் அதையோ அதைப் போன்றதையோ பதியக்கூடாது. பதிந்திருந்தால் செலவைப் பெற்றுக்கொண்டு மாற்றித் தரவேண்டும். தொடர்பு முடிந்தால் மீதிச் சரக்கை எத்தனை நாளில் விற்று முடிப்பது. தகராறை எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பது. இவற்றோடு எல்லோரும் மறக்கிற ஒன்று: இணையப் பெயரும் பேஸ்புக் பக்கமும் யாருடைய கணக்கில்? பக்கத்தின் நிர்வாகி மச்சானின் மகன் என்றால், வாடிக்கையாளர் அத்தனை பேரும் அவனுடைய கைப்பேசிக்குள் இருக்கிறார்கள்.

கனடாவில் விண்ணப்பிக்கும்போது விண்ணப்பதாரர் நீங்கள். மச்சான் கடிதம் வாங்கிக்கொள்ளும் முகவரியாக இருக்கலாம். இந்த இரண்டு கட்டங்களையும் மாற்றி நிரப்பாமல் இருந்தாலே பாதிச் சண்டை இல்லை.

படி 8: ஊர்ப் பெயர் ஊருக்கே

மருதமுனைக் கைத்தறி என்ற பெயரை எந்தத் தறிக்காரரும் தனக்கென்று எடுக்க முடியாது என்று சொன்னேன். ஆனால் ஊர் எடுக்கலாம். வேறெங்கோ இயந்திரத் தறியில் நெய்த துணி கைத்தறியாக, அதுவும் இந்த ஊர்ப் பெயரோடு விற்கப்படாமல் தடுக்க இரண்டு வழி இருக்கிறது.

முதலாவது கூட்டுக் குறி அல்லது சான்றுக் குறி. நெசவாளர் சங்கம் உரிமையாளராக இருந்து, என்ன நூல், எந்தத் தறி, எந்த எல்லைக்குள் நெய்வது என்று விதி எழுதி, அதற்கமைய நெய்கிறவர்களுக்கு மட்டும் குறியைப் போட அனுமதிக்கும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு இடமுண்டு. பாரிஸ் சமவாயமும் கூட்டுக் குறியை உறுப்பு நாடுகள் ஏற்கவேண்டும் என்கிறது.

இரண்டாவது புவிசார் குறியீடு. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இலங்கையில் இதற்கெனப் பதிவேடு வைக்க வழி செய்தது. அதே வருடம் பெப்ரவரியில் சிலோன் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவானது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் புவிசார் குறியீடு அதுதான். காஞ்சிபுரப் பட்டு இந்தியாவில் இந்த வழியில்தான் பாதுகாக்கப்படுகிறது.

நெசவாளருக்கு இப்போது புதுச் செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றிய அளவிலான புவிசார் பாதுகாப்பு நெடுங்காலம் விவசாய, உணவு, மதுப் பொருட்களுக்கே இருந்தது. 2023/2411 என்ற ஒழுங்குவிதி கைவினை, கைத்தொழில் பொருட்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. 2025 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு நாட்டு உற்பத்தியாளர்களும் விண்ணப்பிக்கலாம். நிபந்தனை: சொந்த நாட்டில் அந்தப் பெயர் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். சொந்த நாட்டில் காக்கப்படாத குறியீட்டை மற்ற நாடு காக்கக் கடமைப்பட்டதல்ல என்று ட்ரிப்ஸின் 24ஆம் உறுப்புரையும் சொல்கிறது. ஆக, ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்கள் இருக்கும் பிரஸல்ஸுக்கும் அலிகாண்டேக்கும் போகும் பாதை மருதமுனைச் சங்கத்தின் கூட்ட அறிக்கையில்தான் ஆரம்பிக்கிறது. எல்லை எது, முறை எது, பவர்லூம் வைத்திருப்பவரைச் சேர்ப்பதா இல்லையா என்று ஊருக்குள் இணங்குவதுதான் இதில் மிகக் கஷ்டமான வேலை. எந்தச் சமவாயமும் அதைச் செய்து தராது. ஏற்றுமதி அபிவிருத்திச் சபை கறுவாவுக்காக இந்தப் பாதையில் நடந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 9: கண்டுபிடிப்பு வைத்திருப்பவர்களுக்கு

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக மாணவர்கள் நல்ல கருவிகள் செய்கிறார்கள். செய்ததும் கண்காட்சியில் வைத்து, பத்திரிகைக்குப் படம் கொடுத்து, யூடியூப்பில் ஏற்றிவிட்டுத்தான் ஆக்கவுரிமை பற்றி யோசிக்கிறார்கள். அமெரிக்கா போன்ற சில நாடுகள் பன்னிரண்டு மாதச் சலுகை தரும். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் பெரும்பாலும் தராது. முதலில் விண்ணப்பம், பிறகு மேடை.

கொழும்பில் விண்ணப்பித்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழ் சர்வதேச விண்ணப்பம் போடலாம். ஜெனீவாவிலுள்ள வைப்போவின் சர்வதேசப் பணியகத்துக்கு இணையவழியிலேயே அனுப்பலாம். 150க்கும் மேற்பட்ட நாடுகளில் உங்கள் இடம் பிடிக்கப்படும். ஒரு தேடல் அறிக்கையும் வரும்: உலகில் இதைப் போன்றது ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று. அதைப் படித்துவிட்டு, முதல் திகதியிலிருந்து 30 மாதத்துக்குள் எந்தெந்த நாட்டில் பணம் கட்டுவதென்று தீர்மானிக்கலாம். அறிக்கை மோசமாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்; அதுவும் இலாபம்தான். வருமானம் குறைந்த நாடுகளின் தனிநபர் விண்ணப்பதாரருக்குச் சர்வதேசக் கட்டணத்தில் 90 சதவீதக் கழிவு உண்டு. நாடுகளின் பட்டியலை விண்ணப்பிக்கும் அன்று வைப்போ தளத்தில் பாருங்கள்.

நாட்டு வைத்தியர்கள் கேட்கும் கேள்வி நேர்மாறானது: எங்கள் மருந்தை வேறொருவர் பதிந்தால்? மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்கா 1995இல் ஆக்கவுரிமை கொடுத்தது. இந்தியாவின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டி 1997இல் அதை ரத்துச் செய்ய வைத்தது. வென்றது எழுத்துச் சான்று. 2024 மே மாதம் வைப்போவில் ஏற்கப்பட்ட புதிய உடன்படிக்கை, மரபணு வளத்தையும் மரபறிவையும் அடிப்படையாகக் கொண்ட விண்ணப்பங்களில் அவை எங்கிருந்து வந்தன என்பதை வெளிப்படுத்தச் சொல்கிறது.

படி 10: பாட்டு, கூத்து, மென்பொருள்

இங்கே நல்ல சேதி. பேர்ன் சமவாயப்படி பதிப்புரிமைக்குப் பதிவே வேண்டாம். ஆரையம்பதியில் ஒருவர் இன்று மெட்டமைத்த பாட்டு, ஒலிப்பதிவு செய்த கணமே 180க்கும் மேற்பட்ட நாடுகளில் அவருடையது. வேண்டியது யார் எப்போது செய்தது என்ற சான்று: திகதியோடு மூலக் கோப்புகள், கூட வேலை செய்தவர்களோடு எழுதிய கடிதம். பாடியவர், இசையமைத்தவர், காணொளி எடுத்தவர் மூவரும் வாய்ப்பேச்சோடு நிறுத்தினால், பாட்டு ஓடும்போது மூவரும் யூடியூப்பில் ஒருவர்மேல் ஒருவர் முறைப்பாடு போடுவார்கள்.

வடமோடி, தென்மோடிக் கூத்து யாருடைய தனிச் சொத்துமல்ல. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளை வர்த்தக நோக்கில், மரபுச் சூழலுக்கு வெளியே எடுத்தாள்வதைக் கட்டுப்படுத்துகிறது. எல்லைக்கு வெளியே இதற்கிணையான பாதுகாப்பு உறுதியாக இல்லை. ஓர் அண்ணாவியார் புதிதாக எழுதிய கூத்துப் பிரதியும் ஒரு குறிப்பிட்ட ஆற்றுகையின் ஒளிப்பதிவும் வேறு. அவற்றுக்குச் சாதாரண உரிமைகள் உண்டு.

படி 11: திருட்டைக் கண்டால்

கோபத்தில் முதலில் பேஸ்புக்கில் எழுதாதீர்கள். பொருளை வாங்குங்கள், சீட்டை வையுங்கள், பக்கத்தைத் திகதி தெரியப் படமெடுங்கள். பிறகு இலகுவான வழியிலிருந்து தொடங்குங்கள். யூடியூப், பேஸ்புக், அமேசான் எல்லாவற்றிலும் முறைப்பாட்டுப் படிவம் உண்டு. பதிப்புரிமைக்குப் பதிவிலக்கம் கேட்கமாட்டார்கள், வியாபாரக் குறிக்குக் கேட்பார்கள். அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போவதானால், அமெரிக்காவுக்கு வெளியே உருவான படைப்புக்கு வழக்குப் போட அங்கே பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதியாதவருக்குச் சட்டம் நிர்ணயித்த நட்டஈடு கிடைக்காது.

உங்கள் குறியைக் கெட்ட எண்ணத்தோடு இணையப் பெயராகப் பதிந்தவர்மேல் வைப்போவின் நடுவர் முறையில் முறையிடலாம். ஐந்து பெயர் வரை தனி நடுவருக்கு 1500 டொலர். கறித்தூள் வியாபாரத்துக்கு அது பெரிய காசு. அதைவிடப் பத்து டொலர் கொடுத்து ஆரம்பத்திலேயே பெயரை வாங்கி வைப்பது மேல்.

சரக்கு துறைமுகத்துக்கு வருகிறதென்றால் சுங்கம். போலிக் குறியிட்ட பொருளையும் திருட்டுப் பதிப்பையும் எல்லையில் நிறுத்திவைக்க உரிமையாளர் கேட்க வழி இருக்க வேண்டும் என்பது ட்ரிப்ஸ் 51ஆம் உறுப்புரை. நிறுத்திய பின் பத்து வேலைநாளுக்குள் வழக்கு நடவடிக்கை தொடங்காவிட்டால் விட்டுவிடுவார்கள்; தகுந்த காரணமிருந்தால் இன்னும் பத்து நாள் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம், கட்டணமில்லை, ஒரு வருடம் செல்லும். போலிக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படத்தோடு எழுதிக் கொடுங்கள்: தையல், மடிப்பு, ஒட்டுத்தாளின் ஓரம். சுங்க அதிகாரி உங்கள் சாரத்தை முன்பின் கண்டதில்லை. நாடுகளின் சுங்கங்கள் தமக்குள் தகவல் பரிமாறத் தொடர்பு நிலையங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது 69ஆம் உறுப்புரை. அது உங்களுக்காக இயங்க வேண்டுமானால் கோப்பு உங்களிடமிருந்துதான் போக வேண்டும்.

இலங்கைக்குள் வழக்கென்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். அலைச்சலையும் சட்டத்தரணிக் கட்டணத்தையும் நினைத்தால் எச்சரிக்கைக் கடிதத்தோடு பல விடயங்கள் முடிவது நல்லதுதான். அந்தக் கடிதத்துக்குப் பலம் தருவது பதிவிலக்கம்.

படி 12: நாட்காட்டி

ஒவ்வொரு நாட்டுக்கும் விண்ணப்பத் திகதி, இலக்கம், புதுப்பிக்கும் திகதி, அங்குள்ள முகவரின் விபரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள். குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். விலாசம் மாறினால் எல்லா அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்; ஆட்சேபக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்த் தவணை தவறினால் யாரும் இரங்கமாட்டார்கள். பதிவு விபரம் வெளியானதும் "கட்டணம் செலுத்துங்கள்" என்று அரச முத்திரை போன்ற ஒன்றோடு வெளிநாட்டுக் கடிதங்கள் வரும். உங்கள் முகவரிடமோ அலுவலகத்திடமோ கேட்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். புதுப்பிக்கும் கட்டணத்தை மறந்துவிட்டால் பாரிஸ் சமவாயம் குறைந்தது ஆறு மாத அவகாசத்தை எல்லா உறுப்பு நாட்டிலும் உறுதி செய்கிறது. அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்பார்கள்.